தனியாருக்குப் போன அரசு சேவை: இன்னும் உறுத்தும் ஒரு ஒப்பந்தம் சொல்லுங்க

ஏலக்காரன்:
அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரக் குப்பை அள்ளும் ஒப்பந்தம்தான். 1970களின் கடைசியில் வட்டாரம் வட்டாரமாக டெண்டர் விட்டார்கள். மாநகராட்சித் துறையும் தனியாரோடு வரிசையில் நின்று விலை கொடுக்கணும். முதலில் தோற்றது. பிறகு செலவைக் குறைத்து, விட்ட வட்டாரங்களைத் திரும்பப் பிடித்தது. தனியாரை உள்ளே விடாதவரை ஒரு டன் அள்ள எவ்வளவு ஆகிறது என்று துறையே கணக்குப் பார்த்திருக்காது.

தண்டவாளம்:
போட்டி மட்டும் போதாதுங்க. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்ட் ரயில் விபத்து, 2000 அக்டோபர் 17. பாதை ரெயில்ட்ராக் என்ற தனியார் நிறுவனத்தின் கையில், பராமரிப்பு ஒரு ஒப்பந்ததாரர், தண்டவாளம் மாற்றுவது இன்னொருவர். விரிசல் முன்பே தெரியும், மாற்றுத் தண்டவாளத்துக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. பதிக்கத்தான் இல்லை. ரயில் மணிக்கு 115 மைல் வேகத்தில் வந்தபோது அந்தத் தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. நான்கு பேர் போய்விட்டார்கள். அந்த முந்நூறு துண்டுதான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

ஏலக்காரன்:
அது விற்றதன் குற்றமில்லை, வெட்டிய விதத்தின் குற்றம். ஜப்பான் 1987இல் ரயில்வேயை ஆறு வட்டாரப் பயணிகள் நிறுவனங்களாகப் பிரித்தபோது பாதையையும் வண்டியையும் ஒரே கையில்தான் கொடுத்தது. சரக்கு நிறுவனம்தான் பெரும்பாலும் அடுத்தவர் பாதையில் ஓடுகிறது.

மீட்டர்:
சிகாகோ, 2008. வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்கள், தனியாருக்கு 75 ஆண்டுக் குத்தகை, சுமார் 115 கோடி டாலர். மாமன்றம் சில நாளில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இப்போது தெருவை மூடினால் நகரமே அந்த நிறுவனத்துக்கு நஷ்டஈடு கட்டணும்.

எடைமேடை:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். குப்பைக்கு டன் கணக்கில் மட்டும் காசு கொடுக்காதீங்க, மண்ணும் கட்டட இடிபாடும் சேர்ந்து எடைமேடை ஏறும். பாதித் தொகையை வீட்டு எண்ணிக்கைக்கு வையுங்க. எடைமேடை ஒப்பந்ததாரர் கையில் இருக்கவே கூடாது. ஒப்பந்தக் காலம் லாரியின் ஆயுளை ஒட்டி, ஏழெட்டு வருஷம்; குறைத்தால் லாரி விலை முழுக்க டெண்டர் தொகையில் ஏறும், கூட்டினால் சிகாகோதான். ஒரே ஆளுக்குப் பாதி ஊருக்கு மேல் வேண்டாம், அவர் வேலையை நிறுத்தினால் அள்ள ஆளிருக்காது. பீனிக்ஸ் மாதிரி துறையிடமும் ஒரு வட்டாரம் இருக்கட்டும், உண்மைச் செலவு அங்கேதான் தெரியும். லாரி நிற்கும் டிப்போ, பாதை வரைபடம், எடைப் பதிவு மூன்றும் அரசின் சொத்து என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்க. இல்லாவிட்டால் அடுத்த டெண்டருக்குப் பழைய ஆள் மட்டும்தான் வருவார், அவர் சொன்னதுதான் விலை.