வேலி ஃபோர்ஜ்: ஆளைக் கொன்றது குளிரா, நிர்வாகமா?

செந்தில்: பிரிட்டிஷாரை எதிர்த்த அமெரிக்க விடுதலைப் போரில் தளபதி வாஷிங்டனின் படை 1777 டிசம்பர் 19 அன்று பென்சில்வேனியாவிலுள்ள வேலி ஃபோர்ஜுக்கு வந்து குளிர்கால முகாமிட்டது. சுமார் 12,000 பேர். ஆறு மாதத்தில் 2,000 பேர் வரை செத்தார்கள். காலில் செருப்பில்லாமல் பனியில் காவல் நின்றால் வேறென்ன நடக்கும்? குளிர்தான் எமன்.

கவிதா: செந்தில் அண்ணா, அந்த வருடக் குளிர் அப்படியொன்றும் கொடுமையானது இல்லை. சாவு அதிகமானதே மார்ச்சிலிருந்துதான், குளிர் குறைந்த பிறகு. பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல், டைபாய்டு, சீதபேதி. அழுக்கும் பட்டினியும்தான் கொன்றன.

செந்தில்: குளிருக்குப் பயந்துதானே ஒண்டிக் கிடந்தார்கள்? 14க்கு 16 அடி மரக்குடிசை, அதில் 12 பேர். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் தப்ப முடியுமா? 2,898 பேர் செருப்பும் துணியும் இல்லாமல் வேலைக்கு லாயக்கற்றுக் கிடப்பதாக டிசம்பர் 23 கடிதத்தில் வாஷிங்டனே எழுதினார்.

கவிதா: துணி ஏன் வரவில்லை? தளவாடப் பொறுப்பில் இருந்த மிஃப்லின் நவம்பரிலேயே பதவி விலகிவிட்டார். மார்ச்சில் அந்தப் பதவிக்குத் தளபதி நத்தானியேல் கிரீன் வரும்வரை முறையாகக் கவனிக்க ஆளில்லை. வண்டியும் இல்லை. தீனியில்லாமல் நூற்றுக்கணக்கான குதிரைகள் செத்து, புதைக்க ஆளின்றி முகாமிலேயே நாறின. பல நாள் வெறும் மாவைத் தண்ணீரில் பிசைந்து நெருப்பில் சுட்டுத் தின்றார்கள். உப்புகூடக் கிடையாது. படைக்குப் பயிற்சி தர பிரஷ்ய அதிகாரி ஸ்டூபன் வந்த பிறகுதான் கழிப்பிடம் ஒரு பக்கம், சமையல் எதிர்ப்பக்கம் என்று ஒழுங்கானது.

பாண்டியன்: சுற்றிலும் நல்ல பண்ணைகள் இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். பக்கத்துப் பிலடெல்பியா நகரைப் பிடித்திருந்த பிரிட்டிஷார் வெள்ளிக்காசு கொடுத்தார்கள். வாஷிங்டன் படையிடம் இருந்ததோ மதிப்பிழந்த காகிதப் பணம். விவசாயி யாரிடம் விற்பான்? அவனைத் துரோகி என்று திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

செந்தில்: பாதை சேறானதால் வண்டி வரவில்லை என்பதும் உண்மைதானே? அதுவும் வானிலைதான்.

கவிதா: பனி இளகியதால் வந்த சேறு அண்ணா. கடுங்குளிராக இருந்திருந்தால் பாதை இறுகி வண்டி ஓடியிருக்கும்! 1779–80இல் இதே படை நியூஜெர்சியின் மோரிஸ்டவுனில் முகாமிட்டபோது நியூயார்க் துறைமுகமே உறையும் அளவுக்குக் குளிர். அங்கும் அதே மாதிரிக் குடிசை, அதே பசி. ஆனால் செத்தவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் அதற்குள் சுகாதாரம் கற்றிருந்தார்கள். வேலி ஃபோர்ஜிலேயே பெரியம்மைக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்கு அம்மை குத்தினார்கள். அந்த நோய் படையை அழிக்கவில்லை. முடிவெடுத்துச் செய்த இடத்தில் ஆள் பிழைத்திருக்கிறான்.