குடிநீர் பம்ப் ஹவுஸுக்கு கம்ப்யூட்டர் பயிற்சி: தொட்டி வழிய மாட்டேங்குது

கோட்டையூரான்:
காரைக்குடி பக்கம் ஒரு பம்ப் ஹவுஸ், 5 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. ஸ்காடா (தூரத்திலிருந்து கண்காணிச்சு இயக்குற கம்ப்யூட்டர் அமைப்பு) திரையில் தண்ணி மட்டம் பார்த்துத்தான் மோட்டார் ஓட்டுறாங்க. யாராவது அந்த நெட்வொர்க்குக்குள்ளே புகுந்து திரையில் பொய் மட்டம் காட்டினால் ஆபரேட்டர் என்ன செய்வார்னு பயிற்சி வைக்கணும். எபாநெட்டில் (குழாய், தொட்டியில் தண்ணி ஓட்டத்தைக் கணக்குப் போடுற மென்பொருள்) வரைஞ்சேன், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் தொட்டி வழியலை. எங்கே தப்பு?

கேட்வால்வு:
தப்பில்லை தம்பி, அதோட குணம் அது. தொட்டி நிறைஞ்சதும் உள்ளே வர்ற குழாயைத் தானே அடைச்சிடும். 2.2 பதிப்பில் தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ (வழிய விடுற) அமைப்பு இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. ரிப்போர்ட் இடைவெளி 1 மணி நேரமா இருக்கும், 1 நிமிஷமாக்குங்க.

ரெஜிஸ்டர்40001:
ஒத்தைத் தொட்டிக்கு எபாநெட் எதுக்கு? மூணு லேப்டாப், ஒரு சுவிட்ச். ஒண்ணுல ஓபன்பிஎல்சி (மோட்டாரைக் கட்டுப்படுத்துற பிஎல்சி கருவி மாதிரி நடிக்கிற இலவச மென்பொருள்), ஒண்ணுல ஆபரேட்டர் திரை, ஒண்ணுல தாக்குறவரா நடிக்கிறவர். நிஜ நெட்வொர்க்கோட ஒரு கேபிள்கூடச் சேரக்கூடாது. மட்டத்தைக் கணக்குப் போட்டு ரெஜிஸ்டரில் (பிஎல்சி எண்களை வைக்கிற நினைவிடம்) எழுத சின்ன பைத்தான் நிரல் போதும். இந்தக் கருவிகள் பேசிக்கிற மோட்பஸ் முறையில், 502 போர்ட்டில் பாஸ்வேர்டே கிடையாது, அதனால தாக்குறவர் வேலை சுலபம்.

ஆனா சென்சார் ஒயர் அறுந்த மாதிரி காட்டாதீங்க. சென்சார் மட்டத்தை மின்னோட்டமா அனுப்பும்: காலித் தொட்டின்னா 4, நிறைஞ்சா 20 மில்லிஆம்பியர். 0 மில்லிஆம்பியர்னா உடனே அலாரம் அடிச்சிடும். 4 மீட்டர் தொட்டியில் 3.2 மீட்டர்னா 16.8 மில்லிஆம்பியர். அந்த எண்ணிலேயே உறைய விடுங்க. மணிக்கு 1,50,000 லிட்டர் ஏறுது, வெளிவால்வு மூடியிருக்குன்னா அரை மணியில் 60 செ.மீ. உயரணும். முள் அசையலைன்னு ஆபரேட்டர் எப்போ கவனிக்கிறார்? அந்த நிமிஷத்தைக் குறிச்சுக்கங்க.

கோட்டையூரான்:
நேரத்தை ஆறு மடங்கு வேகமாக ஓட்டலாமா? மூணு மணி நேரம் யாரும் உட்கார மாட்டாங்க.

கேட்வால்வு:
தண்ணியை ஓட்டலாம், மனுஷனை ஓட்ட முடியாது. மட்டத்தை நேர்ல பார்க்க தொட்டிக்கு டூவீலரில் போக 20 நிமிஷம்னா 20 நிமிஷமேதான். 2015 டிசம்பரில் உக்ரைன் மின்வாரியங்களைத் தாக்கினப்போ கால்சென்டர் போனையும் அழைப்புகளால் நிரப்பிட்டாங்க, மக்கள் புகார் சொல்லவே முடியலை. அதனால நடுவில் ஒரு சீட்டு நீட்டுங்க: "போன் வேலை செய்யலை." இன்னொண்ணு: "திருவிழாக் கூட்டம், ரோடு அடைப்பு." ஒவ்வொரு அழைப்பும் "பயிற்சி, பயிற்சி"ன்னு தொடங்கணும், இல்லேன்னா யாராவது நிஜமாவே போலீஸைக் கூப்பிட்டுருவாங்க. நிஜத் தாக்குதல்னா சர்ட்-இன்னுக்கு (மத்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பு) 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். அந்த மெயிலையும் அங்கேயே எழுத வைங்க, அனுப்ப வேண்டாம்.

ரெஜிஸ்டர்40001:
கடைசியில் தொட்டியடி வால்வையும் நிஜமா மூடச் சொல்லுங்க. முன்னாடியே எண்ணெய் போட்டு வைக்காம, இறுகியிருக்கான்னு தெரியட்டும்.

கேட்வால்வு:
அது மட்டும் வேண்டாம். வருஷக்கணக்கா திருப்பாத வால்வில் அவசரமா பலம் போட்டா ஸ்பிண்டில் (வால்வைத் திருப்புற தண்டு) முறியும், ஊருக்குத் தண்ணி நிக்கும். மோட்டார் ஓடுறப்ப மூடினா குழாயில் அழுத்தமும் ஏறும். முதல்ல ஸ்டார்ட்டர் பேனலில் ரிமோட்டிலிருந்து (திரை வழி இயக்கம்) லோக்கலுக்கு (அங்கேயே கையால் இயக்கம்) மாத்தி மோட்டாரை நிறுத்தணும், வால்வு அப்புறம்தான். இந்த வரிசையை வாயால் சொன்னா போதும். சாவி யார்கிட்ட, எத்தனை சுத்துன்னு மட்டும் கேளுங்க.