புதிய சி-ஆர்மில் டிஏபி 16,200 காட்டுகிறது. தோலுக்கு உண்மையில் போனது எவ்வளவு?

கேள்வி (எக்ஸ்ரே பிரிவு, திருகோணமலை)

வணக்கம். எங்கள் ஒப்பரேஷன் தியேட்டரின் புதிய சி-ஆர்ம் (கேஸ் நடக்கும்போதே எக்ஸ்ரேயில் பார்க்கும் மெஷின்) கேஸ் முடிந்ததும் டிஏபி (கதிர் அளவு × கற்றையின் பரப்பு), எயார் கேர்மா (ஒரு குறித்த புள்ளியில் காற்றில் உள்ள கதிர் அளவு), ஸ்க்ரீனிங் நேரம் (எக்ஸ்ரே ஓடிய நேரம்) மூன்றையும் காட்டும். பித்தநாள அடைப்புக்கு வடிகுழாய் போட்ட ஒரு கேஸில் டிஏபி 16,200, எயார் கேர்மா 1.20 கிரே (கதிர் அளவின் அலகு), நேரம் 41 நிமிடம். பதிவேட்டில் அச்சிட்டிருக்கும் அலகு கிரே·செமீ². 500 வந்தாலே நோயாளியைப் பின்தொடரச் சொல்கிறார்கள், இது 16,200. பழைய மெஷினில் இப்படியான கேஸுக்கு நூறு, இருநூறுதான் வரும். மீற்றர் பழுதா? தோலுக்கு 1.2 கிரே என்று எழுதிவிடலாமா? எக்ஸ்ரே டியூப் மேசைக்குக் கீழே, நோயாளி பருத்த உடம்பு.

பதில் 1 (மருத்துவ பௌதிகவியல்)

தம்பி, சேர்விஸ்காரருக்கு கோல் எடுக்க முதல் ஒரு வகுத்தல் செய்து பாருங்கள். டிஏபியை எயார் கேர்மாவால் வகுத்தால், ரெஃபரன்ஸ் புள்ளியில் (எயார் கேர்மா எந்த இடத்துக்குக் காட்டப்படுகிறதோ அந்தப் புள்ளி) கற்றையின் பரப்பு வரும். 16,200 ÷ 1.20 = 13,500 செமீ². அதாவது பக்கத்துக்கு 116 செமீ உள்ள சதுரம். எந்த சி-ஆர்மிலும் அப்படி ஒரு கற்றை கிடையாது.

அதே எண்ணை மைக்ரோகிரே·மீ² என்று எடுங்கள். 100 மைக்ரோகிரே·மீ² என்பது 1 கிரே·செமீ². அப்போது 162 கிரே·செமீ², பரப்பு 135 செமீ², பக்கம் 11.6 செமீ. 23 செமீ வட்ட ரிசெப்டர் (படத்தை வாங்கும் பகுதி), டியூபிலிருந்து 100 செமீ தூரம் என்றால், 70 செமீ தூரத்தில் முழு வட்டத்தின் பரப்பே ஏறக்குறைய 200 செமீ²தான். கொஞ்சம் கொலிமேட் பண்ணியிருந்தால் (கற்றையை ஒடுக்கியிருந்தால்) 135 சரியாகப் பொருந்தும். மீற்றரில் பிழை தெரியவில்லை, அலகுதான் வேறு. திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு இருக்கும், பாருங்கள். சில மெஷின் சென்டிகிரே·செமீ² காட்டும், அது மைக்ரோகிரே·மீ²க்குச் சமம். மில்லிகிரே·செமீ² காட்டுவதும் உண்டு, அதை 1,000ஆல் வகுக்க வேண்டும்.

தோலுக்கு 1.2 என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த எண் ரெஃபரன்ஸ் புள்ளிக்கு உரியது. ஐசோசென்டர் (கை சுழலும்போதும் இடம் மாறாத நடுப்புள்ளி) உள்ள ஆஞ்சியோ மெஷினில், அதாவது இரத்தக்குழாய்ப் படம் எடுக்கும் மெஷினில், அந்தப் புள்ளி ஐசோசென்டரிலிருந்து டியூப் பக்கமாக 15 செமீ. நடமாடும் சி-ஆர்மில் அது எங்கே என்பதை மெஷினோடு வந்த மனுவலில் பாருங்கள். முதுகுத் தோல் டியூபிலிருந்து எத்தனை செமீ என்று அளந்தீர்களா?

கேள்வி கேட்டவர்

நன்றி சேர். சின்ன எழுத்தில் மைக்ரோகிரே·மீ² என்றுதான் இருக்கிறது. மனுவலின்படி ரெஃபரன்ஸ் புள்ளி ரிசெப்டரிலிருந்து 30 செமீ, அதாவது டியூபிலிருந்து 70. அன்றைய மேசை உயரத்தில் முதுகு டியூபிலிருந்து 55 செமீ.

பதில் 1

அங்கேதான் வித்தியாசம் வருகிறது. டியூபுக்குக் கிட்டப் போகப் போகக் கதிர் தூரத்தின் வர்க்கப்படி கூடும்: (70 ÷ 55)² = 1.62. மேசையும் மெத்தையும் கொஞ்சத்தை உறிஞ்சும், 0.8 என்று வைப்போம். உடம்புக்குள்ளிருந்து தோலுக்குத் திரும்பிச் சிதறுவது 1.35. காற்றிலிருந்து திசுவுக்கு மாற்ற 1.06.

1.20 × 1.62 × 0.8 × 1.35 × 1.06 = ஏறக்குறைய 2.2 கிரே.

கற்றை கேஸ் முழுக்க ஒரே இடத்தில் நின்றது என்று கொண்டால்தான் இந்த எண். கோணம் மாற்றியிருந்தால் குறையும். ஆனால் திரை எண்ணிலேயே 35 சதவீதம் வரை கூடக்குறைய இருக்க இந்த மெஷின்களுக்கான சர்வதேச நியமம் அனுமதிக்கிறது. ஆகவே 3 கிரே வரை போயிருக்கலாம் என்று வைத்தே நடந்துகொள்ளுங்கள்.

பதில் 2 (சிரேஷ்ட ரேடியோகிராஃபர்)

மீற்றரையும் ஒரு தடவை சோதித்து வையுங்கள், தம்பி. மேசையை எடுத்துவிட்டு, டோசிமீற்றரை (கதிர் அளக்கும் தனிக் கருவி) கற்றையின் நடுவில் 70 செமீ தூரத்தில் நிறுத்துங்கள். ரிசெப்டர் முன்னால் 2 மிமீ செப்புத் தகடு வைத்தால் டியூபின் கிலோவோல்ட் வழக்கமான அளவுக்கு வரும். அதே 70 செமீ தளத்தில் ஒரு கசெட் (எக்ஸ்ரே படத்தட்டு) வைத்துப் படம் எடுத்து, கற்றையின் நீள அகலத்தை அளவெடுங்கள். 10 × 10 செமீ கற்றையில் 120 மில்லிகிரே அளந்தால், 12 கிரே·செமீ². திரை 1,200 காட்ட வேண்டும். 1,410 காட்டினால் திருத்தக் காரணி 0.85. அதை மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள். டோசிமீற்றரை ஒருகொடவத்தையில் அணுசக்திச் சபையின் ஆய்வுகூடத்தில் அளவுத்திருத்தம் செய்யலாம்.

டோசிமீற்றராகத் திறந்த அயனாக்க அறை (வெளிக்காற்று உள்ளே போகும் கதிர் அளவி) பாவித்தால் வெப்பநிலைத் திருத்தம் போடுங்கள். 20 பாகைக்குத் திருத்திய அறை 30 பாகையில் 3 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். திருகோணமலை கடல் மட்டம் என்றபடியால் அமுக்கம் பெரிய பிரச்சினை இல்லை. மலையில் உள்ள நுவரெலியாவில் அதை விட்டால் ஏறக்குறைய இருபது சதவீதம் பிழைக்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு கேஸுக்கும் ‘புதிய நோயாளி’ அழுத்தினார்களா என்று பாருங்கள். அழுத்தாவிட்டால் முந்தைய ஆளின் டோஸும் கூட்டித்தான் வரும்.

கேள்வி கேட்டவர்

அலகு விளங்கிவிட்டது. இப்போது நோயாளிக்கு என்ன சொல்வது? அவர் மூதூர், வீட்டுக்குப் போய்விட்டார்.

பதில் 1

பின்தொடரக் கட்டாயமான அளவு எயார் கேர்மா 5 கிரே, டிஏபி 500 கிரே·செமீ², தோல் டோஸ் 3 கிரே, நேரம் 60 நிமிடம். உங்கள் கேஸ் அந்த வரம்புக்குள் வரவில்லை, தோல் டோஸ் மட்டும் கிட்ட நிற்கிறது. ஆகவே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் அதைக் கட்டாயம் எடுங்கள்.

2 கிரேயில் சில மணித்தியாலத்தில் ஒரு சிவப்பு வந்து மறையலாம். 3 கிரேயை எட்டினால் மூன்று வாரமளவில் அந்த இடத்து மயிர் உதிரலாம். முதுகை அவரால் பார்க்க முடியாது, மனைவியிடமோ மகளிடமோ சொல்லுங்கள்: வலது முதுகில், விலாவோரம், சதுரமாகவோ வட்டமாகவோ விளிம்பு தெளிவான சிவப்பு தெரிந்தால் சொறியாமல், எண்ணெய் தேய்க்காமல் கிளினிக் வரட்டும். கிளினிக் கொப்பியிலும் டயக்னோஸிஸ் கார்டிலும் திகதி, இடம், 2.2 கிரே மூன்றையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் தோல் வைத்தியர் அதைப் பூச்சிக்கடி, ஒவ்வாமை என்று நினைத்து வேறு வழியில் போவார். தேவையில்லாத பயொப்சி (சோதனைக்குத் தோல் துண்டு எடுப்பது) அந்தத் தோலில் ஆறாத புண்ணாக முடியலாம்.

வடிகுழாய் மாற்ற அவர் 60 நாளுக்குள் திரும்பினால், இந்த 2.2ஐயும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். அன்று மேசையை உயர்த்தி, ரிசெப்டரை வயிற்றோடு ஒட்ட இறக்கி, எக்ஸ்ரே பல்ஸை செக்கனுக்கு 15இலிருந்து 7.5 ஆக்குங்கள். முதுகு 65 செமீக்கு வந்தால் தூரத்தால் மட்டுமே 28 சதவீதம் குறையும். கோணத்தைச் சிறிது மாற்றச் சொல்லி சேர்ஜனிடம் கேஸ் தொடங்க முதலே கேளுங்கள்.