"காந்தம் இழுத்தால் அசல் ஹெமடைட்": திருப்பதிச் சாலைக் கடைகளின் கறுப்பு மணிகள் பற்றி ஒரு விவாதம்

நகரி வாசகி

நகரியிலிருந்து புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையோரக் கடைகளில், மெருகிட்ட கறுப்பு மணிகளைக் கோத்த கைக்காப்புகள் "காந்த ஹெமடைட்" என்ற பெயரில் விற்கப்படுகின்றன. விற்பவர்கள் ஒரு மணியை இன்னொன்றின் அருகே கொண்டுபோய், இரண்டும் தாமாக ஒட்டிக்கொள்வதைக் காட்டி, "இழுப்பு இருந்தால்தான் அசல்" என்கிறார்கள். இரும்பு நிறைந்த கல்லாதலால் ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் சரியாகும் என்று தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட அட்டையும் தொங்குகிறது. ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிட்டுவரும் என் மாமியார் அதை அணிய ஆசைப்படுகிறார். இது ரத்தினக் கல்தானா, இழுப்பு அதன் அடையாளம்தானா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பலமனேர் ஆசிரியர்

அம்மா, கடைக்காரர் சொன்னதைத் தலைகீழாக்கினால் உண்மை கிடைக்கும். மணியோடு மணி கவ்விக்கொள்கிறது என்றால் அது இயற்கை ஹெமடைட் அன்று.

ஹெமடைட் என்பது இரண்டு இரும்பு அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த இரும்பு ஆக்சைடு. தூய நிலையில் அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இரும்பு. இத்தனை இரும்பு இருந்தும் அது காந்தத்துக்கு மிக மெலிதாகவே அசைகிறது. அதன் படிகத்துக்குள் அடுத்தடுத்த அடுக்குகளில் இருக்கும் இரும்பு அணுக்களின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்று ஏறக்குறைய முழுவதும் ஈடாகிவிடுவதும், அவை நேர் எதிராக அமையாமல் இம்மியளவு சாய்ந்திருப்பதால் ஒரு சிறு மிச்சம் மட்டும் எஞ்சுவதுமே அதற்குக் காரணம். காந்தத்தால் வலுவாக இழுக்கப்படும் தாது மேக்னடைட். சேலத்துக் கஞ்சமலையில் இருப்பது அந்த வகை. பெல்லாரி, ஹொஸ்பேட்டைப் பக்கம் வெட்டியெடுக்கப்படும் செந்நிறத் தாது ஹெமடைட். அந்தத் தூளில் காந்தத்தைத் துழாவிப் பார்த்து ஏமாந்த மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இயற்கைக் கல்லில் கொஞ்சம் மேக்னடைட் கலந்திருந்தால் வலுவான காந்தத்தை நோக்கி அது சற்றே நகரலாம். தானே காந்தமாகி இன்னொரு மணியைத் தூக்கிப் பிடிக்காது. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் ஃபெரைட் என்னும் செயற்கைப் பீங்கான் காந்தங்கள். ஒலிபெருக்கியின் பின்புறத்துக் கறுப்பு வளையமும் அதே பொருள்தான்.

சித்தூர் கல்கடை

ஆசிரியர் ஐயாவின் வேதியியலை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை மறுக்கிறேன். ஸ்ட்ரான்சியம் ஃபெரைட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு அதே இரும்பு ஆக்சைடுதான். எங்களுக்கு மொத்தச் சந்தையிலிருந்து வரும் பொட்டலத்தின்மேல் ஹெமடைட் என்றே அச்சாகி வருகிறது; இது நாங்கள் சித்தூரில் உட்கார்ந்து கண்டுபிடித்த பெயர் அன்று, பல நாடுகளில் புழங்கும் வணிகப் பெயர். வாங்குகிறவர்களும் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையில் அழகான மணி கிடைக்கிறது என்றுதான் வாங்குகிறார்கள்.

இரும்புத் தாது என்று சொல்லி இக்கல்லைத் தாழ்த்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பாபிலோனியக் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 2000க்கும் 1600க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில், இன்றைய இராக் பகுதியில் வாழ்ந்த மெசொப்பொத்தேமியர்கள் களிமண் பலகைகளில் உருட்டி ஒப்பமிட்ட உருளை முத்திரைகளுக்கு மிகவும் விரும்பிய கல் ஹெமடைட். அவர்களுடைய வணிகர்கள் வெள்ளியை நிறுத்த எடைக்கற்களும் அதே கல்லில் செய்யப்பட்டன. எகிப்தியர்கள் தலையணைத் தாங்கியின் வடிவில் தாயத்து செய்து இறந்தவர்களோடு வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இக்கனிமம் நிறைந்த காவியை அரைத்துக் கடற்சிப்பியில் வைத்திருந்தனர். இவ்வளவு நீண்ட வரலாறு உள்ள கல்லைச் சாலையோரத்து ஏமாற்று என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது.

பலமனேர் ஆசிரியர்

செங்கல் களிமண்ணால் ஆனதுதான். அதற்காகச் செங்கல்லைக் களிமண் என்று ரசீது போட்டு எவரும் விற்பதில்லை. இரும்பு ஆக்சைடுத் தூளை ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டோடு கலந்து, அச்சில் அழுத்தி, 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டு, பின்பு வலுவான காந்தப் புலத்தில் வைத்து எடுத்தால் கிடைப்பது வேறு படிக அமைப்பும் வேறு குணமும் உள்ள வேறு பொருள். அந்த இழுப்பே அது வேறு பொருள் என்பதற்குச் சாட்சி.

நீங்கள் எடுத்துக்காட்டிய வரலாறு முழுவதும் இயற்கைக் கல்லின் வரலாறு; அதில் உங்கள் தட்டிலிருக்கும் மணிக்குப் பங்கில்லை. எடைக்கல்லைப் பற்றி நீங்களே பேசியது ஒருவகையில் நல்லது. ஹெமடைட்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறத்தாழ 5.3; நம் ஊர்க் கருங்கல்லைப்போல் இரு மடங்கு. ஆகவே சிறிய கல்லில் பெரிய எடையை அடக்கலாம். நன்கு மெருகேறும் கல்லாதலால், யாரேனும் ஓரத்தைத் தேய்த்து எடையைக் குறைத்தால் தேய்த்த இடம் மங்கித் தெரியும். எடையில் மோசடி செய்ய முடியாதபடி தேர்ந்தெடுத்த கல்லின் பெயரில் இன்று நடப்பதை அந்தப் பாபிலோனிய வணிகர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

புத்தூர் பட்டறை

பொன்வேலைக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டு பெரியவர்களும் காந்தத்தோடு நின்றுவிட்டீர்கள்; கல்லை உரசிப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. தரை ஓட்டின் மெருகிடாத பின்பக்கத்தில் மணியை அழுத்தி இழுத்தால், இயற்கை ஹெமடைட் எவ்வளவு கறுப்பாக மின்னினாலும் செங்கல் நிறக் கோட்டைத்தான் இடும். மேக்னடைட் கறுப்புக் கோடு இடும். போலி மணிகளிலும் சில சிவந்த பழுப்புக் கோட்டையே இடுகின்றன. ஆகையால் கோடு சிவப்பாக இருப்பதோடு காந்த இழுப்பு இல்லாமலும் இருக்க வேண்டும். கறுப்புக் கோடு விழுந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டிய தேவையே இல்லை.

கறுத்த கல் சிவந்த கோடு இடுவது பலருக்கு மாயமாகத் தோன்றுகிறது. திரண்ட படிகத்தின் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதி உள்ளே நுழையாமல் உலோகத்தில் படுவதுபோல் திரும்பிவிடுகிறது. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் கூடக்கூட மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் கூடும்; இதற்கு அது 2.9க்கு மேல், வைரத்துக்கோ 2.42தான். உள்ளே நுழையும் ஒளியும் தடித்த கல்லைக் கடந்து வெளிவராது. பொடியாக்கினால் துகள் மெல்லியதாகிவிடுவதால் சிவப்பு ஒளி மட்டும் ஊடுருவி வருகிறது. இக்கல்லை அறுக்கும்போது சக்கரத்திலிருந்து வழியும் தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். நாங்கள் பஃப் சக்கரத்தில் தடவிப் பொன்னுக்கு மெருகேற்றும் சிவப்பு ரூஜ் கட்டியும் இதே ஆக்சைடின் நுண்பொடிதான். நீங்கள் அணிந்திருக்கும் சங்கிலியின் பளபளப்பில்கூட இதற்குப் பங்கு இருக்கலாம்.

ரத்தினமா என்ற கேள்விக்கு என் பதில், ஆம் என்பதே. நவரத்தினத்தில் இடமில்லை, விலையும் குறைவு. ஆனாலும் தீட்டினால் மெருகு நிற்கிறது, நுணுக்கமாகச் செதுக்கவும் இடம் தருகிறது. ரோமானியர் அதில் உருவங்கள் குடைந்தனர். இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில் சிறுநீரக வடிவில் உருண்டு திரண்ட கட்டிகளாகக் கிடைத்த ஹெமடைட்டை நகைக்குத் தீட்டினர். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இதன் கடினம் 5.5 முதல் 6.5 வரைதான். தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் 7 ஆதலால், தினமும் அணியும் மோதிரத்தில் பதித்தால் நாளடைவில் கீறல் விழும். கல் தரையில் விழுந்தால் தெறிக்கவும் செய்யும். காதணிக்கும் கழுத்து மாலைக்கும் ஏற்றது.

திருத்தணி வைத்தியர்

இரும்பு ஆக்சைடு என்றாலே வெறும் துரு என்று ஒதுக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சித்த மருத்துவத்தில் பாண்டு நோய் எனப்படும் ரத்தசோகைக்கு, இரும்பைப் புடமிட்டுச் செய்யும் அயச் செந்தூரம் தருவது நீண்ட நாள் வழக்கம். காவிக்கல்லைத் தூய்மைசெய்து பூங்காவி என்றும் மருந்தில் சேர்க்கிறோம். இப்படியிருக்க, இதே இனத்தைச் சேர்ந்த கல்லை அணிவதால் எந்தப் பலனும் இருக்கவே முடியாது என்று தீர்ப்பளிப்பது அவசரம். காந்தத்தின் தொடர்பும் சேரும்போது ரத்த ஓட்டத்துக்கு ஏதேனும் உதவி இருக்கலாம் என்பதே என் கருத்து.

நகரி வாசகி

வைத்தியர் ஐயா, செந்தூரம் என்பது சாறு விட்டு அரைத்து, புடமிட்டு, நோயாளியைப் பார்த்து, அளவும், தேன் போல எதில் குழைத்துச் சாப்பிடுவது என்ற அனுபானமும் சொல்லி உள்ளுக்குத் தருவது. கையில் உருளும் மணிக்கு இவற்றில் எது பொருந்தும்? மெருகிட்ட கல்லிலிருந்து இரும்பு தோலைக் கடந்து ரத்தத்துக்குப் போகும் வழியை யாராவது சொன்னால் நானே வாங்கித் தருகிறேன். என் மாமியார் இத்தனை வருடங்களாகக் கோலத்தைச் சுற்றிக் காவி இடுகிறவர். விரல் இடுக்கெல்லாம் அந்தச் சிவப்பு ஏறி, கழுவினாலும் போகாது. அந்தக் காவியில் இருப்பதும் இதே இரும்பு ஆக்சைடுதானே? அப்படியிருந்தும் அவருக்கு ரத்தசோகை வந்திருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தக் கனிமத்தின் உண்மையான பயன் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் மதிலின் வெள்ளைப் பட்டைக்கு நடுவே இருக்கும் காவிப் பட்டையும் அதனால் ஆனது, விழுப்புரத்துக்கு அருகே கீழ்வாலைப் பாறையில் இருக்கும் பழைய ஓவியங்களும் அதனால் தீட்டப்பட்டவை. வெயிலுக்கும் மழைக்கும் நிறம் மாறாமல் நிற்பதற்குக் காரணம், துருப்பிடித்து முடிந்த இரும்பு இனித் துருப்பிடிக்க வழியில்லை என்பதுதான் என்று படித்திருக்கிறேன்.

பலமனேர் ஆசிரியர்

சரியாகப் படித்திருக்கிறீர்கள். அதே நிலைத்தன்மைதான் அதை மருந்தாக உதவாமல் செய்கிறது. ஹெமடைட் நீரில் கரைவதில்லை. தோலில் படும் வியர்வை அதை ஒன்றும் செய்யாது. மருத்துவர் தரும் மாத்திரையில் இருப்பது ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற கரையும் உப்பு. கல்லைப் பொடித்து விழுங்கலாமே என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

காந்தம் பற்றி வைத்தியர் ஐயா சொன்னதற்கு: ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டிருக்கிறது; ஆணியைப்போல் காந்தத்தை நோக்கி ஓடி வராது. உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிகளில் பல 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) வலிமையுள்ள புலத்தில் மனிதரை முழுவதுமாகப் படுக்க வைக்கின்றன. அங்கேயே ரத்தம் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. மணியின் புலமோ அதற்கு முன் அற்பமானது. ஆனாலும் இதயத் துடிப்புக் கருவி பொருத்திக்கொண்டவர்கள் காந்த மாலையை நெஞ்சின்மேல் தொங்கவிடக் கூடாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அறுந்த மணிகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்வி, குடலையே துளைத்துவிடக்கூடும்.

சித்தூர் கல்கடை

குழந்தைகள் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன், கடையிலும் சொல்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு எல்லோரும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். சனி தோஷத்துக்கு நீலம், செவ்வாய்க்குப் பவளம் என்று குளிர்பதனம் போட்ட கடையில் ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பதுண்டா? ஏழை வாங்கும் மணிக்கு மட்டும் ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் வந்து நிற்கின்றன. நம்பிக்கையை விற்பது குற்றமென்றால் பெரிய கடையிலிருந்து தொடங்குங்கள்.

பலமனேர் ஆசிரியர்

அந்தக் குறை நியாயமானது. பெரிய கடையில் சொல்லப்படும் கிரகப் பலனையும் நான் நம்புவதில்லை. ஆனால் அங்கே நீலம் என்று ரசீது போட்டால் பெட்டியில் நீலம் இருக்க வேண்டும் என்றாவது கேட்க முடிகிறது. நாங்கள் உங்களிடம் கேட்பதும் அதுவே.

இக்கல்லைப் பற்றிய பெரும் பேச்சு புதியதன்று. பாபிலோனைச் சேர்ந்த சகாலியாஸ் என்பவர் மித்ரிடேட்டஸ் அரசனுக்குக் காணிக்கையாக்கிய நூலில், இது கண்ணுக்கும் ஈரலுக்கும் நல்லது என்பதோடு நில்லாமல், அரசனிடம் மனுக் கொடுக்கும்போதும் வழக்காடும்போதும் வெற்றி தரும் என்றும் எழுதியதாக, கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி குறித்திருக்கிறார். சித்தூர் நீதிமன்ற வாசலில் கடை போட்டால் இன்னும் நன்றாக விற்கும்.

ரத்த அழுத்தம் பற்றிய அட்டை வேறு வகை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் விளம்பரத் தடைச் சட்டம், தாயத்து போன்றவை குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது; அந்தப் பட்டியலில் ரத்த அழுத்தம் இருக்கிறது. பொருளின்மேல் ஒட்டும் சீட்டும் அச்சட்டத்தின்படி விளம்பரம்தான். கடை பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை.

சித்தூர் கல்கடை

அப்படியானால் நோய் பற்றிய அட்டையை நான் கழற்றிவிடுகிறேன். அது மணியோடு வந்தது, நான் எழுதியதன்று. பெயரை மாற்றுவது வேறு விஷயம். "ஸ்ட்ரான்சியம் ஃபெரைட் மணி" என்று பலகை வைத்தால் மலைக்குப் போகிறவர்களில் ஒருவர்கூட நின்று பார்க்க மாட்டார். பொட்டலத்தில் இருக்கும் பெயரையே நானும் சொல்வேன்.

புத்தூர் பட்டறை

"காந்த மணி" என்று எழுதினால் என்ன? அதில் பொய்யில்லை, வாயிலும் எளிதாக வரும். இழுக்காத இயற்கைக் கல்லையும் ஒரு சரம் வாங்கிப் பக்கத்தில் தனித் தட்டில் வையுங்கள், அதன்மேல் ஹெமடைட் என்று எழுதுங்கள், உரசிக் காட்ட ஓர் ஓட்டுத் துண்டும் போடுங்கள். மண்ணிலிருந்து தோண்டி எடுத்த கல் எது, சூளையில் சுட்டுச் செய்தது எது என்று தெரிந்தே வாங்கட்டும்.

சித்தூர் கல்கடை

இரண்டு தட்டு வைக்கத் தடையில்லை. எது அதிகம் விற்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். கையில் ஒட்டி விளையாடுவதைத்தான் எடுப்பார்கள். காந்தத் தட்டின்மேல் எந்தப் பெயரை எழுதுவது என்பதைச் சரக்கு தருகிறவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். இன்றைக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நகரி வாசகி

இழுக்காத தட்டிலிருந்து ஒரு சரத்தை எனக்காக எடுத்து வையுங்கள் ஐயா, ஓட்டில் உரசிப் பார்த்துத்தான் வாங்குவேன். அழகுக்காக மாமியார் அணியட்டும். மாத்திரை தன் போக்கில் தொடரும்.