கோபர்னிக்கஸ் மனிதனைத் தாழ்த்தினாரா?

இளவேனில் (கேள்வி):

அறிவியல் புரட்சிகளைப் பற்றிய கட்டுரைகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 1543இல் கோபர்னிக்கஸ் பூமியை அண்டத்தின் நடுவிலிருந்து அகற்றினார். 1859இல் டார்வின் உயிரினங்களின் தோற்றத்தை விளக்கி, மனிதனையும் விலங்குகளின் வரிசையில் நிறுத்த வழிசெய்தார். பிறகு, மனிதன் தன் மனத்துக்கே முழு உரிமையாளன் அல்லன் என்று பிராய்ட் காட்டினார். இவற்றை மனிதனின் தற்பெருமைக்கு விழுந்த மூன்று அடிகளாக 1917இல் வரிசைப்படுத்தியவர் பிராய்டேதான். மூன்றாம் இடத்தில் தம் கோட்பாட்டையே வைத்துக்கொண்டார் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். நடுவில் இருப்பதைத் தங்கள் பெருமையாகவே அக்காலத்தவர் கருதினார்களா? அப்படியே கருதியிருந்தாலும், அது பறிபோனதை அவர்கள் எப்போது உணர்ந்தார்கள்? ஒரு நூல் வெளியான ஆண்டையே உலகப் பார்வை மாறிய ஆண்டாக எழுதுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

வானோக்கி:

முதல் ஐயம் மிகவும் நியாயமானது. நடு என்றாலே உயர்ந்த இடம் என்று இன்று நாம் எண்ணிக்கொள்வதால்தான் அந்தக் கதை பொருந்துவதுபோல் தோன்றுகிறது. அரிஸ்டாட்டிலின் அண்டத்தில், கனமான பொருள்கள் எல்லாம் தம் இயல்பால் விழுந்து சேரும் இடமே நடு. சந்திரனுக்குக் கீழே உள்ளவை பிறந்து, மாறி, அழிபவை. சந்திரன் முதல் மேலே உள்ளவை மண், நீர், காற்று, தீ ஆகிய நான்கும் அல்லாத, மாற்றமே இல்லாத ஐந்தாம் பூதத்தால் ஆனவை. அந்த ஏற்பாட்டில் பூமி அரியணையில் இருக்கவில்லை, அடிமண்டியில் கிடந்தது. 14ஆம் நூற்றாண்டில் தாந்தே தம் காவியத்தில் சாத்தானைச் சிறைவைத்த இடம் பூமியின் நட்டநடு. 1610இல் கலீலியோ, பூமியும் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி ஒளிர்கிறது என்றும், அது உலகின் கசடெல்லாம் தேங்கும் குழி அன்று என்றும் எழுதியபோது, பூமியைக் கோள்களின் வரிசைக்கு உயர்த்துவதாகவே கருதினார்.

உண்மையில் இடிந்தது வானுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த சுவர். அதுவும் ஒருவரால் ஒரே நாளில் இடிந்துவிடவில்லை. 1572இல் திடீரெனத் தோன்றிய விண்மீனும் 1577இல் வந்த வால்மீனும் சந்திரனுக்கு அப்பால் இருப்பதை டைக்கோ பிராகி அளந்து காட்டினார். ஆக, மாறாத வானம் மாறிவிட்டது. கலீலியோவின் தொலைநோக்கியில் சந்திரனில் மலைகள் தெரிந்தன. கல்லைக் கீழே விழச்செய்யும் அதே விதிதான் சந்திரனையும் அதன் பாதையில் நிறுத்துகிறது என்று 1687இல் நியூட்டன் நிறுவினார்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். கோபர்னிக்கஸின் 1543ஆம் ஆண்டு நூலில், அதன் அச்சுப் பணியை மேற்பார்த்த ஆசியாண்டர் தம் பெயரிடாமல் சேர்த்த முன்னுரை, இது கணக்கிடுவதற்கு உதவும் கருதுகோள் மட்டுமே என்று வாசகரை அமைதிப்படுத்தியது. ரோமத் திருச்சபை அந்நூலை நிறுத்திவைத்தது 1616இல், அதாவது 73 ஆண்டுகள் கழித்து. மறுத்தவர்கள் எல்லாரும் பிடிவாதக்காரர்களும் அல்லர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால், ஆறு மாத இடைவெளியில் அருகிலுள்ள விண்மீன்கள் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும். வெறுங்கண்ணால் நோக்கியவர்களில் மிகத் துல்லியமானவரான டைக்கோவாலேயே அந்த மாற்றத்தைக் காண முடியவில்லை. அன்னம் எனப்படும் சிக்னஸ் மண்டலத்தில் 61 என்று எண்ணிடப்பட்ட விண்மீனின் இடமாறு தோற்றத்தை, அதாவது அந்தச் சிறு மாற்றத்தை, வானியலாளர் பெஸ்ஸல் அளந்து வெளியிட்டது 1838இல். அவருக்குக் கிடைத்த கோணம் ஒரு பாகையின் 10,000இல் ஒரு பங்குக்கும் குறைவு. நீங்கள் கேட்ட தாமதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

படிவப்பாறை:

வானோக்கி சொல்வது வானியலுக்குச் சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தப் புரட்சியும் மனிதனைச் சிறுமைப்படுத்தவில்லை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. இடத்தைவிடக் காலம்தான் நம்மை உண்மையில் சுருக்கியது. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் உலகத்தின் பிறப்பைக் கி.மு. 4004இல் வைத்தார், அந்தக் கணக்கில் மனிதன் இல்லாத உலகம் சில நாள்களே நீடித்தது. 1788இல் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், பாறைகளில் தொடக்கத்தின் தடயமோ முடிவின் அறிகுறியோ தமக்குத் தென்படவில்லை என்று எழுதினார். அந்த ஒரு வாக்கியம் கோபர்னிக்கஸின் நூல் முழுவதையும்விட மனிதனைத் தனியனாக்கியது என்பது என் கருத்து.

இதிலும் தாமதமும் தடுமாற்றமும் உண்டு. தெற்கு இங்கிலாந்தின் வீல்டு பகுதி அரிக்கப்பட 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று டார்வின் தம் நூலின் முதற்பதிப்பில் கணக்கிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் மூன்றாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார். 1862இல் இயற்பியலாளர் கெல்வின், உருகிய பூமி குளிர்வதற்கான கணக்கைப் போட்டு, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே அதன் வயது என்றார்; பின்னர் அதை 2 முதல் 4 கோடி வரை என்று இன்னும் குறுக்கினார். கதிரியக்கத்தை அறியாததால் அவர் தவறினார் என்பதுதான் வழக்கமான விளக்கம். அதைவிடப் பெரிய பிழை, பூமியின் உட்பகுதி அசைவற்ற திடப்பொருள் என்று அவர் கொண்டது. உள்ளே வெப்பம் எளிதாகக் கடத்தப்பட்டால் வயது பன்மடங்கு கூடும் என்று 1895இல் சுட்டிக்காட்டியவர், அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி. விண்கற்களிலிருந்த ஈயத்தின் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் அணு வகைகளை) அளந்து, 455 கோடி ஆண்டுகள் என்ற விடையை 1956இல் கிளேர் பேட்டர்சன் வெளியிட்டார். நம் இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அதாவது பூமியின் வயதில் 15,000இல் ஒரு பங்கு.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. வானோக்கி சொன்ன சுவர் என்னைச் சிந்திக்க வைத்தது. விதி ஒன்றுதான் என்று நியூட்டன் காட்டிவிட்டார். ஆனால் பொருளும் ஒன்றுதான் என்பது எப்போது தெரிந்தது? விண்மீன்கள் வேறொரு பொருளால் ஆனவையாக இருந்துகொண்டே அதே விதிக்குக் கட்டுப்படலாம் அல்லவா?

நிறப்பிரிகை:

இதற்கு விடை நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப் பட்டையில், இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே. விண்மீன்களின் வேதியியல் அமைப்பை மனிதர் ஒருபோதும் அறிய முடியாது என்று 1835இல் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட் உறுதியாக எழுதினார். 25 ஆண்டுகள்கூட முடியவில்லை. 1859இல் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும், சோதனைச் சுடரில் சோடியம் காட்டும் மஞ்சள் கோடுகள் சூரிய நிறமாலையில் கருங்கோடுகளாக அதே இடத்தில் இருப்பதன் காரணத்தைக் கண்டுகொண்டார்கள். சோடியமும் இரும்பும் சூரியனில் இருந்தன. டார்வினின் நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது என்பது தற்செயலே என்றாலும், அந்த ஆண்டின் பெருமை முழுவதையும் அவருக்கே கொடுத்துவிடுகிறோம்.

சூரியனில் 1868இல் கண்ட ஒரு கோட்டுக்குரிய ஹீலியத்தை 1895இல் ராம்சே பூமியிலேயே பிரித்தெடுத்தார். ஆனால் இந்த ஒற்றுமை ஒரு பிழையையும் ஊட்டிவிட்டது: பூமியில் உள்ள தனிமங்கள் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் சூரியனிலும் இருக்கும் என்று வானியலாளர்கள் நம்பத் தொடங்கினர். 1925இல் சிசிலியா பெய்ன் தம் முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன்களில் ஹைட்ரஜன் மற்ற தனிமங்களைவிடப் பேரளவில் மிகுந்திருப்பதாகக் கணக்கிட்டார். அக்காலத்தின் முன்னணி வானியலாளரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்க மறுத்ததால், அம்முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தம் ஆய்வேட்டில் தாமே எழுதிவைக்க நேர்ந்தது. நான்கு ஆண்டுகளில் வேறு வழியில் ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் பணியைக் குறிப்பிட்டும் எழுதினார். இருந்தும் நெடுங்காலம் பலரும் அந்தக் கண்டுபிடிப்பை ரஸ்ஸலின் பெயரிலேயே வழங்கிவந்தனர்.

கார்பன், ஆக்சிஜன், இரும்பு முதலியவை விண்மீன்களுக்குள் உருவாகும் முறையை 1957இல் பர்பிட்ஜ் தம்பதியரும் ஃபௌலரும் ஹாயிலும் விரிவாக விளக்கினர். இளவேனில் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைத்த ஆண்டு அதுவே.

வானோக்கி:

ஒரே ஒரு சேர்க்கை. அதன் பிறகுதான் நாம் அனைவரும் விண்மீன் துகள்கள் என்ற தொடர் பரவியது. எடையைக் கொண்டு பார்த்தால் அது பெரும்பாலும் சரி. அணுக்களை எண்ணிப் பார்த்தாலோ, நம் உடலில் பாதிக்கும் மேற்பட்டவை ஹைட்ரஜன். அவை எந்த விண்மீனிலும் உருவானவை அல்ல. அவற்றின் அணுக்கருக்கள் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், முதல் விண்மீன் ஒளிர்வதற்கு வெகு காலம் முன்பே தோன்றிவிட்டன.