லாம்பி மட்டும் எப்படித் தப்பினான்?

செம்மண்:
இங்கிலாந்தின் லாம்போர்ட் ஹால் மாளிகைக்குப் போய் லாம்பி என்ற தோட்டக் குள்ளன் பொம்மையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவனுக்குப் போட்ட அந்தப் பத்து லட்சம் பவுண்டு காப்பீட்டையே பேசுகிறார்கள். வெளியே இருக்கும் பாறைத்தோட்டத்தைப் பாருங்கள் ஐயா. 24 அடி உயரம், இடுக்கெல்லாம் குட்டை மரங்கள். மாளிகையின் சொந்தக்காரர் சர் சார்லஸ் ஐஷம் 1847-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து வரவழைத்த 21 சுடுமண் குள்ளர்கள் நின்ற இடம் அது. சுரங்கத்துக்குள் குட்டி ஆவிகள் உண்டென்று நிஜமாகவே நம்பிய மனுஷர், அவருக்கு இது விளையாட்டில்லை. 1903-ல் அவர் இறந்ததும் மகள்கள் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுத் தீர்த்தார்களாம். பாறை இடுக்கில் கிடந்த லாம்பி மட்டும் மிஞ்சினான். எனக்கு அந்த இடுக்குதான் கண்ணிலேயே நிற்கிறது.

கூர்குல்லா:
துப்பாக்கி வெறும் செவிவழிக் கதை. மகள்களுக்குப் பிடிக்கவில்லை, அப்புறப்படுத்தினார்கள் என்பது வரை சரி. அப்புறம், "உலகின் முதல் தோட்டக் குள்ளன்" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகர மிராபெல் தோட்டத்துப் பளிங்குக் குள்ளர்கள் 1690-களைச் சேர்ந்தவர்கள். அதில் ஒருவன் முள்முள்ளான மரக்காப்பைக் கையில் மாட்டிக்கொண்டு பந்தடிக்க நிற்பான். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு லாம்பி சாதுப் பிள்ளை. நாம் இன்று கடையில் பார்க்கும் தாடிக்காரன் ஜெர்மனியில் துரிங்கியாவின் கிரேஃபன்ரோடா ஊர்க்காரன். கிரீபல், ஹைஸ்னர் பொம்மைப் பட்டறைகள் 1870-களில் அங்கே தொடங்கியவை. அவன் தலையிலுள்ள கூர்குல்லா சுரங்கத் தொழிலாளியின் முக்காட்டிலிருந்து வந்தது, கிறிஸ்துமஸ் தாத்தாவிடமிருந்து அல்ல.

சூளைக்கல்:
மகள்களை ஏன் திட்டுகிறீர்கள்? துப்பாக்கியே வேண்டாம், பனி போதும். சுமார் 1000 டிகிரியில் சுட்ட சுடுமண் நீரை உறிஞ்சும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், மண் பொறுக்குப் பொறுக்காக உதிரும். முதலில் போவது குல்லா நுனி, மூக்கு, பாதம். இடுக்கில் கிடந்தவனுக்கு மழை நேரே படவில்லை. எனக்குத் தெரிந்து ரகசியம் அவ்வளவுதான்.

பழைய பொம்மை வைத்திருப்பவர்கள் கவனிக்க. உள்ளே கூடு. பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அடியில் விட்ட துளையைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், சூளையில் ஆவி போனதும் தோட்டத்தில் நீர் வடிவதும் அதன் வழிதான். இரண்டு செங்கல் மேல், துளை திறந்திருக்கும்படி நிறுத்துங்கள். பளபளப்பான எண்ணெய் வண்ணம் வேண்டாம். அடி வழியாக ஏறிய ஈரம் வெளியேற முடியாமல் வண்ணத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். உடைந்ததை ஒட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது நிழலில் உலர்த்துங்கள், ஈர மண்ணில் எபாக்ஸி பசை பிடிக்காது. முதல் உறைபனிக்கு முன்பே உள்ளே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் வியர்த்து இன்னும் கெடும்.

செம்மண்:
பொம்மை வைத்திருக்கிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் பனி கணக்கு ஒத்துவருகிறது. அப்படியானால் மற்ற இருபதின் சில்லுகள் அந்தப் பாறைக்கடியில் இன்னும் கிடக்க வேண்டுமே?

கூர்குல்லா:
கிடந்தாலும் அடையாளம் தெரியாது. வண்ணம் போன சுடுமண் சில்லும் உடைந்த பூந்தொட்டிச் சில்லும் ஒன்றுதான். மூக்கோ தாடியோ கிடைத்தால் உண்டு.