இணைய நூற்பட்டியல் வந்த பிறகு: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோட்டு நூலகர்:
கோகா என்ற நூலக மென்பொருளுக்கு மாறி, பட்டியலை இணையத்தில் ஏற்றியிருந்த நேரம். முனைவர் பட்ட மாணவி ஒருத்தி கைப்பேசியில் 'கொங்கு' என்று தேடினாள். ஒரு நூலும் இல்லை என்று வந்தது. அவள் நின்றுகொண்டிருந்ததோ கொங்கு வரலாற்று அடுக்கின் முன்னால். "இல்லை என்று வருகிறதே மேடம், அப்படியானால் இவையெல்லாம் யாருடைய நூல்கள்?" என்று கேட்டாள். உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். பழைய பதிவுகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. தேடிக் கிடைக்காத நூலை மாணவர்கள் இல்லாத நூலாகவே எண்ணிவிடுகிறார்கள்.

நெல்லை நூலகர்:
மேடம் சொன்னது பாதிதான். பழைய பதிவுகளை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் மாற்றிய பிறகுதான், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்து ஔவையாரைத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் அடித்தது சரியான ஔ. பதிவில் இருந்தது ஒ, பக்கத்தில் ள. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்த 'கொ'வையாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தில் சரிசெய்யலாம். இதற்கு அந்த வழியும் இல்லை. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தார். தவறு தன் விரலில்தான் என்று நம்பினார். வாழ்நாளெல்லாம் ஔவையைப் பாடம் நடத்தியவர். எனக்குப் பொறுக்கவில்லை.

தருமபுரி நூலகர்:
எழுத்துச் சிக்கலைவிட வாசல் சிக்கல் பெரிது. 2020 ஊரடங்குக் காலம். நாங்கள் சந்தா கட்டிய மின்னிதழ்கள் வளாகத்து இணைய இணைப்பின் ஐ.பி. முகவரிக்கு மட்டுமே திறப்பவை. ஒரு மாலை அலுவலக வேலையாகக் கல்லூரிக்குப் போனபோது, மதிலுக்கு வெளியே பைக் இருக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எங்கள் முதுகலை மாணவன் நின்றிருந்தான். வளாகத்து வைஃபை எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் தேசியத் திட்டமான என்-லிஸ்டில் அவனுக்குத் தனிக் கணக்கு இருந்தது. வீட்டிலிருந்தே நுழையலாம் என்பதுதான் தெரியவில்லை. சாலையோரத்திலேயே, அவன் கைப்பேசி இணைப்பில் திறந்து காட்டினேன். அவன் வீடு எத்தனை தூரம் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சை நூலகர்:
நெல்லை சார், எங்களுக்கும் தமிழ்த் தேடல் ஒருமுறை அடியோடு நின்றுபோனது. என் கதை அவ்வளவுதான். ஆனால் கோகா போடுகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கோகாவின் தேடுபொறியான ஜீப்ராவை நிறுவும்போதே, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பின்னால் மாற்றினால் முழுப் பட்டியலையும் மறுபடி அட்டவணைப்படுத்த நேரும். தரவுத்தளத்தை அன்றாடம் நகலெடுங்கள். நகல் அதே கணினியில் கிடந்தால் பயனில்லை. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் பாருங்கள். பராமரிப்பை வெளி ஆளிடம் கொடுத்தாலும் நிர்வாகக் கடவுச்சொல் நூலகத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இலவச மென்பொருள்' என்று மட்டும் சொல்லிக் கல்லூரி முதல்வரிடம் அனுமதி வாங்காதீர்கள். 2000இல் நியூசிலாந்தின் ஹோரோவேனுவா நூலகங்களில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே கோகாவின் மூலநிரலுக்குத்தான் விலை இல்லை. சர்வர், மின்சாரம், அதைத் தெரிந்த ஆள் எல்லாம் செலவுதான். முதல் ஆண்டே நிதி ஒதுக்கச் சொல்லுங்கள்.

நெல்லை நூலகர்:
தஞ்சை சார், ஐசியூ எங்களிடமும் இருக்கிறது. ஔ சிக்கல் அதில் தீராது. பதிவைத் திருத்தினாலும் போதாது, மாணவர்களில் பலர் ஒ, ள என்றே அடிக்கிறார்கள். சிலர் 'அவ்வையார்' என்று தேடுகிறார்கள். ஆசிரியர் பெயரின் நிலையான வடிவத்தைக் குறித்துவைக்கும் அதாரிட்டி பதிவில், மாற்றுப் பெயர்களுக்கான 400ஆம் புலத்தில் இந்த வடிவங்களையெல்லாம் சேர்த்து, அவற்றையும் தேடலில் கணக்கில் எடுக்கும் அமைப்பை இயக்கிவிட்டேன். நூல் தலைப்புகளின் மாற்று வடிவங்களுக்கு நூற்பதிவின் 246ஆம் புலம். ஈரோட்டு மேடம், உங்கள் பதிவுகளை மாற்றும்போதே இதையும் செய்துவிடுங்கள்.